சிட்ரிக் சாரும் இருமாத சாம்பியனும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் எந்த பஸ்ஸிலும் ஏறிக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் இருமினால் என்ன செய்வீர்கள்? முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்பார்கள். ஜன்னலைத் திறப்போம் என்பார்கள். கொரோனாவுக்கு அப்புறம் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். இருமுகிறவரைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், ரொம்ப நல்லா இருந்துது, இன்னொரு தரம் வருமா?" என்று ஆசையாகக் கேட்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு இரண்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான்.

மரக்காணம் பக்கத்தில் அவருக்கு சிட்ரிக் சார் என்று பெயர். பாண்டிச்சேரிக்கு அருகில் ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய ஆராய்ச்சியில் அவர் ஆராய்ச்சியாளர், நான் கள உதவியாளர். கள உதவியாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பொம்மையார்பாளையத்தில் என் வீட்டு வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். ஏறிக்கொள்ள வேண்டும். போகிற இடத்தில் படிவம் நிரப்பி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, சிட்ரிக் சாரை யாரும் அடிக்காமல் பத்திரமாகத் திருப்பி அழைத்து வர வேண்டும்.

ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன், எனக்கே புரிந்ததுதான். சிட்ரிக் ஆசிட் என்றதும் பயப்பட வேண்டாம். பால் திரிக்கப் போடுகிறோமே எலுமிச்சை உப்பு, அதேதான். அதைத் தண்ணீரில் கரைத்து, ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைக்கிற மாதிரி மிஷினில் போட்டு, மாஸ்க் வழியாக ஒரு மூச்சு இழுக்கச் சொல்வார்கள். தொண்டை கரகரத்து இருமல் வரும். ஐந்து பாட்டில், ஒன்றைவிட ஒன்று புளிப்பு அதிகம். எந்த பாட்டிலில் எத்தனை இருமல் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், சிலருக்கு நுரையீரல் பழுதாகி, வெளியே போக வேண்டிய கரியமில வாயு ரத்தத்திலேயே தங்கிவிடும். தங்கினால் மூளை மந்தமாகும். மூளை மந்தமானால் இருமலும் மந்தமாகுமா, எவ்வளவு மந்தமாகும்? இந்த ஒரே கேள்விக்காக சிட்ரிக் சார் ஒன்பது வருஷமாக டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், அவரையே நேர்காணல் செய்ய வந்துவிட்டார்கள்.

ஆள் ஒல்லி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. சட்டைப் பையில் நாலு பேனா, கழுத்தில் கயிறு கட்டி ஒரு எண்ணும் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் டிக்கென்று ஓர் எண் ஏறும். எதிரில் யார் வந்தாலும் சார்தான். ஜீப்பை மறித்து நின்ற வெள்ளாட்டைக்கூட, "சார், கொஞ்சம் வழி விடுங்க சார்" என்று கெஞ்சியதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு அவரைத் தெரியாத்தனமாக அழைத்துவிட்டேன். ஐயர் ஈர விறகைப் போட்டு ஹோமம் வளர்த்ததில் மண்டபமே இருமியது. ஊரே அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு தாலியைப் பார்க்கிறது. சிட்ரிக் சார் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, கூட்டத்தைப் பார்த்து டிக் டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் சித்தப்பா என் காதில் வந்து கேட்டார்.

"யாரும்மா அது, கேட்டரிங் ஆளா? தலைய எண்ணிக்கினு இருக்காரு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் நேராக சிட்ரிக் சாரிடம் போய் ரெண்டாவது பந்திக்கு வடை பத்தாது என்று சண்டை பிடித்தார்.

கோட்டக்குப்பம் பக்கத்து செக்போஸ்ட் கதை இன்னும் மோசம். பாண்டிச்சேரியிலிருந்து வரும் வண்டிகளில் அங்கே மது பாட்டில் தேடுவார்கள். எங்கள் ஜீப்பில் அந்த மாதிரி பாட்டில் இல்லை. பெட்டி நிறைய குட்டிக் குட்டிப் பொட்டலமாக வெள்ளைத் தூள் இருந்தது.

"இன்னா சார் இது?" என்றார் போலீஸ்காரர்.

"சிட்ரிக் ஆசிட் சார்."

"ஆசிட்டா!" போலீஸ்காரர் ஓரடி பின்னால் போனார்.

"பயப்படாதீங்க சார், சாப்பிடற ஐட்டம்தான்."

"சாப்பிடறதுக்கு எதுக்கு இத்தினி பொட்டலம்?"

"நாங்க சாப்பிடறதில்ல சார். மூச்சுல இழுக்கறோம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஜீப் ஓரம் கட்டப்பட்டது. என் மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு, போன் செய்வதற்காகக் கொஞ்ச தூரம் தள்ளிப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் போலீஸ்காரர் ஜீப் பானெட்டில் சாய்ந்து மாஸ்க் மாட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது பாட்டிலில் லொக்கு லொக்கு என்று இருமித் தீர்த்தார். சிட்ரிக் சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"அருமை சார்! சுத்தமான இருமல். சிகரெட் உண்டா சார்?"

"வுட்டு ஆறு மாசமாச்சி சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார் அவர். பின்னால் இன்னும் இரண்டு காக்கிச்சட்டைகள் வரிசையில் நின்றன. போலீஸ்காரரிடம் நான் கையெழுத்து வாங்கியது அதுதான் முதல் தடவை.

இப்படி ஊரெல்லாம் இருமல் சேகரித்துக்கொண்டிருந்தவர்தான் ஒரு பங்குனி மாதம் மரக்காணம் உப்பளத்துக்கு வந்து சேர்ந்தார். உப்பளத்தில் விடிவதற்கு முன்னால் வேலை ஆரம்பித்து, வெயில் ஏறினதும் முடித்துவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் போய், உப்பு எடை போடும் கொட்டகையில் மிஷினை வைத்தோம். உப்பு வாரிவிட்டுக் கைகால் கழுவி வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

சிட்ரிக் சார் எழுந்து நின்று கும்பிட்டுச் சொன்னார், "சார், இருமல் வந்தா இருமிடணும். அடக்கவே கூடாது."

முதல் ஆள் முதல் பாட்டிலிலேயே இருமினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இரண்டாவது ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மூன்று பாட்டில் தாங்கினார். ஒருத்தர் விசில் அடித்தார். அவ்வளவுதான், அறிவியல் அங்கேயே செத்தது. மேலண்டைப் பாத்திக்காரர்கள் ஒரு கட்சி, கீழண்டைப் பாத்திக்காரர்கள் ஒரு கட்சி. தோற்கிற கட்சி எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

"டேய், அடக்குடா! மானத்த வாங்காத!"

"சார், தயவுசெஞ்சு இருமுங்க சார்!" என்று சிட்ரிக் சார் ஒவ்வொருவர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிடக் கும்பிட அவர்கள் பல்லைக் கடித்தார்கள். என் படிவங்கள் அத்தனையும் வீண்.

மேலண்டைக் கட்சி தோற்கிற நிலைமைக்கு வந்ததும், "தேசிங்க எழுப்பி இட்டுக்கினு வாங்கடா" என்றது ஒரு குரல். தேசிங்கு அண்ணன் உப்புத் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கிற டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இன்ஜின் புகையும் பீடிப் புகையுமாகத்தான் அவர் ஆயுசு போயிருந்தது. தூக்கத்துக்குப் பேர் போனவர். ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே தூங்கி, வரிசை அவரைத் தள்ளித் தள்ளியே கடைக்குள் கொண்டு போனது என்பார்கள். ஓட்டுப் போடப் போன இடத்தில் மை வைக்க நீட்டிய விரலோடு தூங்கிவிட்டாராம். அந்தக் கதைகளை நானும் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவரை எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முதல் பாட்டில், ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, நாலு. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஐந்தாவது பாட்டில், குதிரையே இருமும் புளிப்பு. அதையும் இழுத்தார் தேசிங்கு அண்ணன். மாஸ்க்கோடு அப்படியே தூங்கிப்போனார்.

கொட்டகை இடிந்து விழாத குறை. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஊர்வலம் போனார்கள். யாரோ துண்டை மாலையாகப் போட்டார்கள். "சாம்பியன்! சாம்பியன்!" என்று சத்தம். நானும் கைதட்டினேன்.

சிட்ரிக் சார் தட்டவில்லை. டீ நேரத்தில் தேசிங்கு அண்ணனைத் தனியாக உட்கார வைத்து, மூச்சில் கரியமில வாயு பார்க்கும் கருவியை மூக்கில் மாட்டினார். நாற்பது பக்கத்தில் நிற்க வேண்டிய எண் அறுபதைத் தாண்டி ஏறியது. கருவியில் கோளாறு என்று தன் மூக்கில் மாட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. என் மூக்கில் மாட்டினார். சரியாக இருந்தது. மறுபடி அண்ணனுக்கு, அதே அறுபது. சிட்ரிக் சாரின் முகம் வெளுத்துப்போய்விட்டது.

"மேடம், இவர் அடக்கல. இவருக்கு இருமலே வரல," என்றார் என்னிடம். "அந்தத் தூக்கம் தூக்கமே இல்ல மேடம். மயக்கத்துல பாதி. இப்படியே விட்டா ஒரு நாள் எழுந்திருக்க மாட்டார்."

எனக்குக் கைதட்டிய கை கூசியது.

ஆனால் ஜெயித்த ஆளிடம் போய் நீ நோயாளி என்று எப்படிச் சொல்வது? சிட்ரிக் சார் சொல்லித்தான் பார்த்தார். ரத்தம், வாயு, மூளை, நரம்பு என்று மண்ணில் படம் போட்டு விளக்கினார். தேசிங்கு அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னா சார் நீ, நல்லா கதையா இருக்குதே. தோத்தவன வுட்டுட்டு ஜெயிச்சவன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்றியே. அதோ அவன் மொத பாட்டில்லயே லொக்குனான், அவன இட்டுக்கினு போ" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சீசன் வேறு. இன்ஜினை விட்டுவிட்டு அவரால் நகர முடியாது.

மறுநாளிலிருந்து சிட்ரிக் சார் இன்ஜின் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டார். மிஷின் இல்லை, படிவம் இல்லை. தேசிங்கு அண்ணன் தூங்கினால் எதிரில் சம்மணம் போட்டு அவர் மூச்சை எண்ணுவார். மூச்சு இடைவெளி விட்டால், "சார்! சார்!" என்று உலுக்கி எழுப்புவார். அண்ணன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு மறுபடி தூங்குவார். தேசிங்கு அண்ணனின் மனைவி கன்னியம்மா என்னிடம் வந்து புலம்பினார்.

"ஏம்மா, எங்க வூட்டுக்காரரு தூங்கறத பாக்கறதுக்குன்னு கவர்மெண்ட்ல ஆள் போட்டுக்கறாங்களா? நான் கட்டிக்கினு வந்து முப்பது வருசமாச்சி, நானே இப்பிடி பாத்ததில்ல."

"காலையில தலவலி இருக்குதா அவருக்கு?" என்று கேட்டேன்.

"தெனமும் இருக்குது. டம்ளர புடிச்சா கையும் ஆடுது. வயசாச்சின்னு வுட்டுட்டோம்."

மூன்றாவது நாள் மத்தியானம் கன்னியம்மா கேழ்வரகுக் கூழும் பச்சைமிளகாயும் கொண்டுவந்தார். இத்தனை நாள் காய்ந்து கிடக்கிறாரே என்று சிட்ரிக் சாருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். சிட்ரிக் சாருக்கு அந்த மிளகாய் பழக்கமில்லை. புரையேறி, கண் பிதுங்கி, ஒன்பது வருஷம் ஊராரிடம் வாங்கியதை எல்லாம் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுப்பது போல இருமினார். கன்னியம்மா ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினார்.

"யாரோ நெனைக்கறாங்க சார் உங்கள."

"என்னை யாரும்மா நினைக்கப் போறாங்க," என்று இருமலுக்கு நடுவே சிரித்தார் அவர்.

"உனுக்காவது பொரையேறுது சார்," என்றார் தேசிங்கு அண்ணன். கூழைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு பொரையேறி ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது. பெத்த பொண்ணுகூட நெனைக்க மாட்டேங்குது."

விஷயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்களுடைய ஒரே மகள் பவானி தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய்விட்டாள். இவர் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. கன்னியம்மாதான் ஒளிந்து ஒளிந்து பேசுவார். வீம்பு பிடித்த மனிதர் வாயைத் திறந்து மகளை விசாரிக்கவும் மாட்டார். தினமும் சாப்பிடும்போது மட்டும், இன்றைக்காவது புரையேறுகிறதா என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். ஏறாததால் மகள் தன்னை அடியோடு மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

சொல்லிவிட்டுக் கூழைக் குடித்தார். ஒரு வாய் உள்ளே போனதும் அவர் தொண்டை களகளவென்றது. அண்ணன் பாட்டுக்கு அடுத்த வாய்க்குக் கிண்ணத்தைத் தூக்கினார். சிட்ரிக் சார் தவளை மாதிரி எகிறிக் கிண்ணத்தைப் பிடுங்கினார்.

"இப்ப! இப்ப ஏறிச்சு! பாத்தீங்களாம்மா? அவருக்குப் புரையேறிச்சு, இருமல்தான் வரல!"

"இன்னா சார் சொல்ற?"

"உங்க பொண்ணு நினைச்சுக்கிட்டுதான் சார் இருக்காங்க. தினமும் உங்களுக்குப் புரையேறிக்கிட்டுதான் இருக்கு. உங்களுக்குத்தான் சார் டவர் இல்ல!"

 கன்னியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தேசிங்கு அண்ணன் தொண்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மெய்யாலுமா சார்?"

"மெய்யாலும் சார்."

அண்ணன் எழுந்து போய் இன்ஜினை நிறுத்தினார். சீசனில், பட்டப்பகலில், பாத்தி பாதி நிறைந்திருக்கும்போது அவர் இன்ஜினை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. "வண்டி எங்க நிக்குது?" என்றார்.

ஜீப்பில் போகும்போது நான் மெதுவாகக் கேட்டேன். "சார், புரையேறினா யாரோ நினைக்கறாங்கன்னு நீங்க நம்பறீங்களா?"

"ஆதாரம் இல்ல மேடம்," என்றார் சிட்ரிக் சார். "ஆனா இல்லைன்னும் யாரும் டெஸ்ட் பண்ணிப் பாக்கலையே."

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர், "இந்த ஆள் நடந்தா வந்தார்?" என்று கேட்டார். உடனே காற்றை அழுத்தி ஊதும் மாஸ்க் மிஷினை மாட்டிவிட்டார்கள். பீடிக்கட்டைக் கன்னியம்மா குப்பைத்தொட்டியில் போட்டார். பெரிய டாக்டர் வெளியே வந்து சிட்ரிக் சாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ரத்தத்தில் இவ்வளவு வாயுவை வைத்துக்கொண்டு, வைத்தியம் எதுவும் பார்க்காமல், வெளியில் நடமாடுகிற ஓர் ஆள். ஒன்பது வருஷமாக சிட்ரிக் சார் தேடியது இப்படி ஒருவரைத்தான். வைத்தியம் ஆரம்பித்துவிட்டால் விதிப்படி அவரை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. இனிமேல் அவர் வெறும் நோயாளி. வைத்தியத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, இன்னொரு தரம் அளவு எடுத்திருந்தால் சிட்ரிக் சாரின் படிப்பு அந்த வருஷமே முடிந்திருக்கும்.

"தெரியும் சார்," என்றார் சிட்ரிக் சார். என் பக்கம் திரும்பி, "பேரை அடிச்சிடுங்க மேடம்" என்றார். எனக்குக் கை வரவில்லை. அவரே என் கையிலிருந்த பட்டியலை வாங்கி, பேனாவால் நேராக ஒரு கோடு போட்டார்.

ஒரு வாரத்தில் தேசிங்கு அண்ணனின் முகம் தெளிந்துவிட்டது. பகலில் கண்ணை முழித்துக்கொண்டு, போகிற வருகிற நர்ஸுகளிடமெல்லாம் வம்பளந்தார். ஒரு காலை காப்பி குடிக்கும்போது திடீரென்று நிமிர்ந்தார். லொக்! வார்டே திரும்பிப் பார்த்தது. லொக், லொக்! மூக்கில் காப்பி வந்தது. கன்னியம்மா அழுதுகொண்டே அவர் தலையில் பொத்துப் பொத்தென்று தட்டினார். அவர் கன்னியம்மாவின் முன்னால் கையை நீட்டினார். கன்னியம்மாவுக்குப் புரிந்தது. போனில் எண்ணைப் போட்டுக் கொடுத்தார்.

"நெனச்சியா இல்லியா, மொதல்ல அத்த சொல்லு," என்று போனில் அதட்டினார் அண்ணன். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம்தான் கேட்டது. இந்தப் பக்கமும் கொஞ்ச நேரத்தில் அதே சத்தம்தான்.

டிபன் வாங்கப் போயிருந்த சிட்ரிக் சார் அப்போதுதான் உள்ளே வந்தார். இட்லிப் பொட்டலம் கையிலிருந்து விழாத குறை.

"இருமினாரா? எத்தனை தரம் மேடம்? எண்ணினீங்களா?"

"இல்ல சார்," என்றேன். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்த தேசிங்கு அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வருத்தப்படாத சார், இரு, இன்னொரு காப்பி சொல்லு. உனக்காக இருமிக் காட்டறேன்" என்றார்.

அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் முடிந்தது. சிட்ரிக் சார் வடக்கே எங்கேயோ ஓர் ஊருக்குப் போய்விட்டார். பட்டம் இன்னும் வாங்கவில்லை என்று கேள்வி. தேசிங்கு அண்ணன் மாஸ்க் மிஷினோடு தூங்கி, காலையில் தலைவலி இல்லாமல் எழுந்து, பவானிக்குப் பிறந்த பேரனுக்கு வீடியோ காலில் இன்ஜின் ஓட்டிக் காட்டுகிறார்.

போன ஆடியில் கன்னியம்மா அம்மன் கோயிலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். கையில் தேங்காய், பழம், வெற்றிலை. வீட்டுக்காரர் பெயருக்கு, மகள் பெயருக்கு, மருமகன் பெயருக்கு, பேரன் பெயருக்கு என்று அர்ச்சனை முடிந்ததும், "இன்னும் ஒரு பேருக்கு பண்ணுங்க சாமி" என்றார்.

"பேரு?"

"சிட்ரிக் சாரு."

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "அது இன்னாம்மா பேரு? நெஜப் பேரு சொல்லு. நட்சத்திரம் இன்னா?"

"தெரியலயே சாமி. எது நல்ல நட்சத்திரமோ அத்த போட்டுக்கங்க. அவருக்குன்னு யாரும் இல்லையாம்."

கன்னியம்மா என்னைப் பார்த்தார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும், நூறு படிவத்திலாவது என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரைச் சொன்னால் அம்மன் வேறு யாரோ என்று நினைத்துவிடப் போகிறாளே என்று பயந்து, நானும் "சிட்ரிக் சாருன்னே சொல்லுங்க சாமி" என்றேன்.